மிடற்றுப் பாடலுக்கு ஒரு மாணவர் மன்றம்

கருவி எதனையும் நாடாது, மிடறு ஒன்றையே துணையாகக் கொண்டு பலர் கூடிப் பாடுதல் தமிழர்க்குப் புதியதன்று. மிடற்றுப் பாடல் என்ற சொல்லே நம்மிடம் உண்டு. ஏழிசையுள் முதலாவதற்குக் 'குரல்' என்றே முன்னோர் பெயரிட்டனர். ஆயினும் நம் கல்லூரி விழாக்களில் இன்று முதலிற் கேட்பது மாணவர் குரலன்று. ஒலிபெருக்கிக்காரர் பொத்தானை அழுத்தக் கிளம்பும் பதிவு. மனோன்மணீயம் சுந்தரனாரின் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்த 2021 டிசம்பர் அரசாணை, அதனை இசைத்தட்டுகளால் ஒலிக்கச் செய்வதைத் தவிர்த்து, பயிற்சி பெற்றோர் வாய்ப்பாட்டாகப் பாடவேண்டும் என்றது. ஐம்பத்தைந்து வினாடியில் முடியும் பாடல் அது. அதனைப் பாடப் பத்து மாணவரைப் பழக்குவது ஒரு தமிழ்த்துறைக்கு அரிய செயலா?

இவ்விடத்தில் கடல் கடந்த ஒரு கல்லூரிக் குழுவை நினைவுகூர வேண்டியுள்ளது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1909ஆம் ஆண்டு ஆடவர் ஐவரால் தொடங்கப்பெற்றது 'விஃபன்பூஃப்ஸ்' என்னும் பாடற்குழு. பொருளற்ற வேடிக்கைப் பெயர்; அக்காலத்து இசைநாடகம் ஒன்றில் வந்த கற்பனை விலங்கின் பெயரை விளையாட்டாகச் சூட்டிக்கொண்டனர். பக்க இசையின்றிப் பாடும் முறையை மேலைநாட்டார் 'அ கப்பெல்லா' என்பர். 'தேவாலய முறைப்படி' என்பது அவ்வித்தாலியத் தொடரின் பொருள். வழிபாட்டில் தோன்றிய முறை மாணவர் கேளிக்கையாக மாறியது. அவர்கள் வாரந்தோறும் கூடிப் பாடியது ஒரு மதுக்கூடத்தில். அதனை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை!

யேலுக்கும் நமக்கும் உள்ள உறவு வேறொன்று. சென்னைக் கோட்டையின் ஆளுநராய் 1687 முதல் இருந்து, முறைகேட்டுக் குற்றச்சாட்டின்பேரில் 1692இல் பதவி இழந்த எலிஹு யேல், 1718இல் அக்கல்லூரிக்கு ஒன்பது பொதிச் சரக்கும் 417 நூல்களும் மன்னர் முதலாம் ஜார்ஜின் ஓவியம் ஒன்றும் அனுப்பினார். சரக்கை விற்ற பணம் கட்டடமாயிற்று. அவர் பெயர் கல்லூரியின் பெயராயிற்று. சென்னையில் ஈட்டிய செல்வத்தின் நிழலில் வளர்ந்த கல்லூரியின் மாணவர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பாடிவருகின்றனர். நாமோ பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அக்குழு இத்துணைக் காலம் நிலைத்தது எவ்வாறு? பெருங்கலைஞர் ஒருவரை நம்பியதாலன்று. பிற்காலத்தில் புகழ்பெற்ற பாடலாசிரியர் கோல் போர்ட்டர் அதன் உறுப்பினராய் இருந்தவரே. ஆனால் அவர் சென்ற பின்னும் குழு தளரவில்லை. ஆண்டுதோறும் பதினால்வர் தேர்ந்தெடுக்கப்படுவர்; ஓராண்டு பாடுவர்; அடுத்த அணிக்கு இடம்விட்டு அகல்வர். பாட்டையும் முறையையும் கையளித்துச் செல்வதே அங்குள்ள ஒழுங்கு. ஆடவர் மட்டுமே என்ற வழக்கம் 2018இல் ஒரு மாணவி தேர்வு பெற்றதும் மாறியது, குழு கலையவில்லை. நம் கல்லூரிகளிலோ, நன்றாகப் பாடும் மாணவன் ஒருவன் மூன்றாண்டு பயின்று வெளியேறினால் அவனோடு பாட்டும் வெளியேறிவிடுகிறது.

பாடுதற்கு நம்மிடம் என்ன உளது என்று வினவுவார்க்கு இசுலாமியத் தமிழிலக்கியம் விடை கூறும். முனாஜாத்து, கிஸ்ஸா, நாமா, மசலா, படைப்போர் எனத் தமிழுக்குப் புதுவகைகளைத் தந்த இலக்கியம் அது. இவற்றுட் பல செவிக்காகவே யாக்கப்பட்டன. குணங்குடி மஸ்தான் சாகிபுவின் பராபரக்கண்ணியை எடுத்துக்கொள்க. ஒவ்வொரு கண்ணியும் ஒரே விளியில் முடிகிறது. ஒருவர் முன்னெடுக்க, மற்றவர் அவ்விளியில் வந்து சேர்ந்துகொள்ளலாம். இக்கட்டமைப்பே குழுப்பாட்டிற்கு வகுத்தது போன்றது. வகுப்பறையில் நாம் அதனைப் பத்து மதிப்பெண் வினாவாக மாற்றி வைத்திருக்கிறோம். சீறாப்புராணத்தையும் சந்தம் பிரித்துக் காட்டுகிறோமேயன்றிப் பாடிக் காட்டுவதில்லை.

பாடும் மரபு அற்றுப்போகவில்லை என்பதற்குத் தக்கலை சான்று. அங்கு அடங்கியுள்ள பீர்முகம்மது அப்பாவின் ஆண்டு விழாவில், ரஜப் மாதத்து இரவொன்றில், அறுநூறுக்கு மேற்பட்ட பாடல்கள் கொண்ட அவருடைய ஞானப்புகழ்ச்சி கூட்டாகப் பாடப்பெறுகிறது. முதியோர் அருகே அமர்ந்து இளையோர் கேட்டுக் கேட்டே கற்கின்றனர். இம்மெட்டுகள் அச்சில் இல்லை. மிடற்றில் மட்டுமே உள்ளன. பிற ஊர்களில் அவ்வாறு பாடிய பெரியவர் ஒருவர் மறையுந்தோறும் ஒரு மெட்டும் மறைகிறது. என்னை வருத்துவது இதுவே. நூலைப் பதிப்பித்துக் காக்கலாம். மெட்டை ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் வாய்க்குத்தான் மாற்றவியலும்.

தருமபுரி மாவட்டத்தில் இது இன்னும் இன்றியமையாதது. இங்கு முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுமொழி உருது. நஅத்து பாடிப் பழகிய இளைஞர்க்குப் பண்ணும் தாளமும் புதியனவல்ல. தமிழ்ப் பாட்டு மட்டுமே புதிது. எழுத்தால் தமிழுக்குள் நுழையத் தயங்குவோர் பாட்டால் எளிதில் நுழைவர். பக்கத்து இருக்கை மாணவன் தெருக்கூத்துப் பின்பாட்டைக் கேட்டு வளர்ந்தவனாய் இருப்பான். இருவரும் ஒரே கண்ணியைப் பாடினால், நல்லிணக்கம் குறித்துத் தனிச் சொற்பொழிவு வேண்டியிராது.

இசைக்கருவி பற்றியும் மௌலிது பற்றியும் மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடுகள் உள. அவற்றைத் தீர்ப்பது தமிழ்த்துறையின் பணியன்று. கருவியை விலக்கிய பாடல் என்பதால் முதல் வாதத்திற்கு இடமேயில்லை. மேலைநாட்டார்போல நால்வகைக் குரலை அடுக்க வேண்டுமென்பாரும் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே மெட்டைப் பலர் ஒன்றிப் பாடுவதும், இரு பிரிவாய் அமர்ந்து மாறி மாறிப் பாடுவதுமே நம் பாட்டிற்குப் பொருந்தும். மகளிர் பயிலும் கல்லூரிகளில் அவர்க்கென ஒரு மன்றம் அமைதல் வேண்டும். கீழக்கரை ஆசியா உம்மாவின் ஞானப்பாடல்கள் அவர்களுக்காகக் காத்துள்ளன.

செலவு ஏதுமில்லை. இரண்டாமாண்டு முடிவில் பன்னிருவரைத் தேர்ந்து, மூன்றாமாண்டு பாடவிட்டு, அவர்களைக் கொண்டே அடுத்த பன்னிருவரைப் பழக்கலாம். மாலையில் பென்னாகரத்திற்கும் அரூருக்கும் பேருந்து பிடிக்க ஓடும் மாணவரை நிறுத்தி வைத்தல் இயலாது. வெள்ளி நீங்கலாக வாரத்தில் இருநாள், நண்பகல் இடைவேளையில் அரைமணி நேரம் போதும். முதற்பாடல் தமிழ்த்தாய் வாழ்த்தாகட்டும். அடுத்த முத்தமிழ் விழாவில் அப்பதிவுப்பெட்டிக்கு ஓய்வு கொடுத்துவிடலாம்.