தட்டில் மிஞ்சும் சோறு... முதியோர் இல்லங்களில் மெலியும் பாட்டிகள்!

முதியோர் இல்லத்தில் மூணு வேளையும் சோறு போட்டாலும் சில பெரியவர்கள் மெலிந்து கொண்டே போகிறார்கள். கேட்டால், "வயசாச்சுல்ல, அப்படித்தான்" என்பார்கள். அப்படி விட்டுவிட முடியாது.

அமெரிக்க முதியோர் இல்லங்களில் இதற்கு கணக்கே உண்டு. ஒரு மாதத்தில் 5 சதவீதமோ, 6 மாதத்தில் 10 சதவீதமோ எடை தானாக குறைந்தால் ஆபத்து அறிகுறி. 50 கிலோ பாட்டிக்கு ஒரே மாதத்தில் இரண்டரை கிலோ! சேலை கட்டியிருந்தால் கண்ணுக்கு தெரியாது. மெஷினில் ஏற்றினால்தான் தெரியும்.

காரணம் சில நேரம் சின்னதுதான். ஈறு சுருங்கி பல்செட் ஆடும். மெல்ல முடியாது, சொல்லவும் கூச்சம். சில மாத்திரைகள் பசியை அடக்கி விடும். தனிமைக் கவலை வேறு. சர்க்கரை, பிரஷர் என்று உப்பு சப்பில்லாமல் போட்டால் யாருக்குத்தான் இறங்கும்? மெலிந்தவருக்கு பத்தியத்தை தளர்த்தலாமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். குழைந்த சாதம், முட்டை, தயிர் என கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை கொடுக்கலாம். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து பேச்சு கொடுத்தாலே ரெண்டு கவளம் கூடுதலாக இறங்கும்.

பார்க்க வரும் பிள்ளைகள் "சாப்பிட்டியாம்மா?" என்றால் "ம்" என்றுதான் பதில் வரும். கையோடு எடை நோட்டையும் வாங்கி, போன மாத கணக்கை பார்த்துவிட்டு வரலாம்.