தகடூர் ஔவையும் கொடுமுடிச் சுந்தராம்பாளும்

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்தான். அந்த ஔவை என்றதும் தமிழ் மக்கள் மனக்கண்ணில் தோன்றுபவர் கே. பி. சுந்தராம்பாள்.

கொடுமுடியில் 1908இல் வறிய குடியில் பிறந்த அவர், இளமையிலேயே நாடகமேடை ஏறினார். உடன் நடித்த எஸ். ஜி. கிட்டப்பாவை மணந்தார். 1933இல் கிட்டப்பா மறைந்தார். அப்பொழுது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்று முதல் வெள்ளுடை உடுத்தார். ஆடவர்க்கு இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார். இவ்வுறுதியோடு திரையில் நிலைக்க இயலுமோ? 1935இல் வந்த 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே ஆண்வேடம் புனைந்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய் என்பர். பலரும் அத்தொகையையே வியந்து பேசுகின்றனர். வியக்கத்தக்கது அவ்வுறுதியேயன்றித் தொகையன்று.

ஜெமினியின் 'ஔவையார்' 1953இல் வெளிவந்தது. பிள்ளையார் அருளால் இளமை நீங்கி முதுமை எய்தியவராக ஔவையை அப்படம் காட்டுகிறது. வெவ்வேறு காலத்து ஔவையர் பலரை ஒருவராக்கியது பிழையே. அதியமானுக்காகத் தூது சென்று, தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நின்று அவனை நயமாக எள்ளிய தகடூர் ஔவை வேறு; ஆத்திசூடி பாடிய பிற்கால ஔவை வேறு. ஆயினும், வேந்தர்முன் அஞ்சாத அப்புலவரின் மிடுக்கு சுந்தராம்பாளின் குரலில் இருந்தது. ஒலிபெருக்கி இல்லாத மேடைகளில், கடைசி வரிசைவரை எட்டுமாறு பாடிப் பயின்ற குரல் அது. கதை தவறிய இடத்திலும் குரல் தவறவில்லை.

1965இல் 'திருவிளையாடல்' படத்தில் மீண்டும் ஔவையாராகவே தோன்றினார். அவர் 1980இல் மறைந்தார்.