ஏலமலைச் சாரலிலும் பந்து உருளட்டும்!

போடிநாயக்கனூருக்கு ஏலக்காயால் பெயர். அந்த ஏலக்காயைப் பறித்துக் கொடுப்பவர்கள் பெண்கள்.

பொழுது விடியுமுன் ஜீப் ஏறுகிறார்கள். போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து தோட்டங்களுக்குப் போகிறார்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடியில், தரையை ஒட்டிக் காய்க்கிறது. பகல் முழுவதும் குனிந்து பறிக்க வேண்டும். சரிவில் ஏறி இறங்க வேண்டும்.

இந்தத் தாய்மார்களின் பெண் பிள்ளைகளுக்கும் காலில் பலம் உண்டு. நெஞ்சில் மூச்சு உண்டு. அவர்களுக்கு ஒரு கால்பந்து கொடுத்தால் என்ன?

"பெண்ணாவது, பந்து உதைப்பதாவது!" என்று சிலர் சிரிக்கலாம். அவர்கள் இந்தியப் பெண்கள் அணியின் கதையைக் கேட்க வேண்டும்.

ஆசியாவில் 2-வது இடம்

1975-ல் இந்தியாவில் பெண்கள் கால்பந்துக்கென்று தனிச் சங்கம் தோன்றியது. 1980-ல் கேரளத்தில் உள்ள கோழிக்கோட்டில் ஆசியப் போட்டி நடந்தது. நம் பெண்கள் இறுதிப் பந்தயம் வரை முன்னேறினார்கள்! தைவானிடம் தோற்று 2-வது இடம் பெற்றார்கள். 1981-ல் ஹாங்காங்கில் 3-வது இடம். 1983-ல் பாங்காக்கில் மறுபடியும் இறுதிப் பந்தயம். அதில் தாய்லாந்து வென்றது.

அதே 1983-ம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது சாந்தி மல்லிக்குக்குக் கிடைத்தது. கால்பந்துக்காக அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர்.

ஏன் சரிந்தது?

பிறகு கவனிப்பார் இல்லை. 1991-ல் பெண்களுக்கான முதல் உலகக் கோப்பைப் போட்டி சீனாவில் நடந்தது. இந்தியா அதில் இல்லை. 2009-ல் உலகத் தரவரிசைப் பட்டியலில் இருந்தே இந்தியாவின் பெயர் நீக்கப்பட்டது. 18 மாதங்களுக்கு மேல் ஒரு பந்தயம்கூட ஆடாததுதான் காரணம்.

பெண்களிடம் திறமை செத்துவிட்டதா? இல்லை! ஆட வாய்ப்பு இல்லை. அவ்வளவுதான்.

2010-ல் வாய்ப்பு வந்தது. டாக்காவில் நடந்த தெற்காசிய விளையாட்டில் தங்கம் வென்றார்கள். 2010 முதல் 2019 வரை தெற்காசியக் கால்பந்துக் கோப்பையை 5 முறை தொடர்ந்து வென்றார்கள்.

2025 ஜூலை 5-ந் தேதி தாய்லாந்தின் மண்ணிலேயே தாய்லாந்தை 2-1 என்று தோற்கடித்தார்கள். இரண்டு கோல்களையும் போட்டவர் சங்கீதா பாஸ்போர். தகுதிப் பந்தயங்களில் வென்று ஆசியக் கோப்பைக்குள் இந்தியா நுழைந்தது அதுவே முதல் தடவை. 42 ஆண்டுப் பழைய கணக்கும் தீர்ந்தது!

நம் பக்கத்துப் பெண்கள்

தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன் ஆனார்கள். மதுரையின் சேது கால்பந்துக் கழகம் 2019-ல் இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை வென்றது. கடலூர் இந்துமதி இந்திய அணிக்கு ஆடினார். தமிழகப் போலீசில் சப்-இன்ஸ்பெக்டர் வேலையும் பெற்றார்.

போடிக்கு மதுரை தூரமல்ல. நின்று போயிருந்த ரெயிலும் 2023-ல் மீண்டும் ஓடத் தொடங்கிவிட்டது.

ஒரு மணி நேரம் போதும்

பெற்றோர்களின் பயம் நியாயமானது. இருட்டினால் பெண் எப்படி வீடு வருவாள்? வயதுக்கு வந்த பெண் அரைக்கால் சட்டை போடலாமா? தாய் மலையில் இருந்து வரும் வரை தம்பியை யார் பார்ப்பது?

இவற்றுக்கு வழி உண்டு. பள்ளி விட்டதும், வெளிச்சம் இருக்கும்போதே ஒரு மணி நேரம் ஆடட்டும். கூடவே ஓர் ஆசிரியை இருக்கட்டும். முழுக்கால் உடையில் ஆடினாலும் பந்து கோபித்துக்கொள்ளாது! தம்பியும் மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

எல்லாப் பெண்களும் இந்திய அணிக்குப் போய்விட மாட்டார்கள். போக வேண்டியதும் இல்லை. உடம்பு உறுதிப்படும், பயம் தெளியும். அதுவே பெரிய லாபம்.

வாய்ப்பு கொடுத்த காலத்தில் நம் பெண்கள் வென்றார்கள். கொடுக்காத காலத்தில் பட்டியலிலேயே இல்லாமல் போனார்கள். ஏலமலைச் சாரலின் பெண்களுக்கு இதில் எது வேண்டும்? பெற்றோரும் பள்ளிகளும் சேர்ந்து முடிவு செய்யட்டும்!