மறைக்காதீர்கள், அம்மா!



'அஞ்சாதீர்கள்' என்னும் சொல்லை நோயாளரின் படுக்கையருகே நின்று நான் எத்தனை முறை கூறியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் அச்சொல்லைக் கூறியதற்காக ஒருமுறை மனம் வருந்தியதும் உண்டு. அதை இம்மாதம் உங்கள் முன் ஒப்புக்கொள்கிறேன்.

வல்லம் வடகாலில் ஒரு தாய், வயது 68. வாசற்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவர்கள் செயற்கை மூட்டுப் பொருத்தி, வாக்கரைப் பிடித்து நடக்கப் பழக்கி, ஒரு வாரத்திற்குள் வீட்டுக்கு அனுப்பினர். மகன் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. ஒரு வாரம் பகல் ஷிப்ட் என்றால் மறுவாரம் இரவு ஷிப்ட். ஒருநாள் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. மருமகளும் விடியுமுன் கம்பெனி பஸ் ஏறுகிறவள்.

பத்தாம் நாள் அத்தாய் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "சாமி, புண்ணிலே இன்னும் ஈரம் நிற்கவில்லை. சீழ் வைத்துவிடுமோ என்று பயமாயிருக்கிறது" என்றார். நான் பூசைக்குப் புறப்படும் அவசரத்தில் இருந்தேன். "அஞ்சாதீர்கள் அம்மா, ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி முடித்துவிட்டேன்.

ஐந்து நாள் கழித்து நற்கருணை கொண்டு சென்றபோது அவர் முகம் வாடிக் கிடந்தது. நலம் விசாரித்தவுடன் கண்ணீர் பெருகிற்று. கட்டின்மேல் துண்டை மடித்து வைத்து, ஈரத்தை வீட்டார் அறியாமல் மறைத்து வந்திருக்கிறார். பேரனை அனுப்பி மருந்துக்கடையில் ஏதோ மாத்திரை வாங்கி விழுங்கியிருக்கிறார். வேளாங்கண்ணி எண்ணெயைப் புண்ணின் மேலேயே தடவியிருக்கிறார்.

"மகனிடம் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"சொன்னால் லீவு போட்டுவிடுவான் சாமி. நீங்களும் அஞ்ச வேண்டாம் என்றுதானே சொன்னீர்கள்?"

நான் தலைகுனிந்தேன். ஆறுதல் கூறுவதாக எண்ணி அவர் வாயையல்லவா அடைத்துவிட்டேன்!

மகன் அன்றே அவரை அறுவை செய்த மருத்துவரிடம் அழைத்துச் சென்றான். அம்மருத்துவர் விளக்கியதையும், பின்னர் நான் படித்தறிந்ததையும் சுருக்கமாகக் கூறுகிறேன்.

செயற்கை மூட்டுப் பொருத்திக்கொள்ளும் நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கே கிருமித் தொற்று உண்டாகிறது. தொடக்கத்தில் நிலை இவ்வாறில்லை. இக்கால இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையின் தந்தை எனப்படும் ஜான் சார்ன்லி, இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் 1962-ஆம் ஆண்டு தம் புதிய முறையைத் தொடங்கிய காலத்தில், நூற்றுக்கு ஏழு பேர் அளவில் தொற்றுக்கு ஆளாயினர். அவர் அதைக் கண்டு அஞ்சினார். ஆனால் அஞ்சிக்கொண்டு வாளாவிருக்கவில்லை. வடிகட்டிய காற்று மட்டுமே வீசும் தனிக் கூடமொன்றை அறுவைக்கென அமைத்தார். மருத்துவர்கள் விடும் மூச்சுக்காற்றும் புண்ணை அணுகாதவாறு அதைக் குழாய்வழி வெளியேற்றும் அங்கியை வகுத்தார். சில ஆண்டுகளில் தொற்று நூற்றுக்கு ஒன்றிற்கும் கீழே இறங்கியது. மருத்துவரின் அச்சமே நோயாளருக்குக் காவலாயிற்று.

ஏன் இத்தனை எச்சரிக்கை? நம் தோலில் இயல்பாகவே குடியிருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் போன்ற கிருமிகள் செயற்கை மூட்டை அடைந்துவிட்டால், பாறையில் பாசி படர்வதுபோல் அதன்மேல் மெல்லிய படலமாகப் படர்கின்றன. அப்படலத்திற்குள் மருந்து எளிதில் புகாது. முதற் சில வாரங்களிலேயே கண்டுகொண்டால், புண்ணைத் திறந்து கழுவி, கழற்றக்கூடிய பாகங்களை மட்டும் மாற்றி, மருந்தளித்து மூட்டைக் காப்பாற்றப் பெரும்பாலும் வழியுண்டு. காலம் கடந்தால் மூட்டையே அகற்றி வேறொன்று பொருத்த நேரிடலாம். முளையிலே கிள்ளாததை முற்றியபின் கோடாலி கொண்டுதானே வெட்டவேண்டும்?

அப்படியானால் எதற்கும் நடுங்க வேண்டுமா? வேண்டியதில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அறுவைக்குப்பின் சில வாரங்கள் காலில் வீக்கமும், தோலில் சற்று வெப்பமும், கன்றிய நிறமும் இருப்பது இயல்பே. அவை நாளுக்கு நாள் குறைந்து வரவேண்டும். ஆனால் ஒரு வாரத்திற்குப் பின்னும் புண்ணில் நீர் கசிந்தாலோ, சிவப்பு பரவினாலோ, சீழோ துர்நாற்றமோ கண்டாலோ, குறைந்துவந்த வலி மீண்டும் ஏறினாலோ, குளிரும் காய்ச்சலும் வந்தாலோ, அன்றே அறுவை செய்த மருத்துவருக்குச் சொல்லுங்கள். ஆண்டுகள் சென்றபின் காய்ச்சலுடன் அந்த இடுப்பில் வலி தோன்றினாலும் அவ்வாறே செய்யுங்கள்.

கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரையை மட்டும் விழுங்காதீர்கள். அது காய்ச்சலைத் தணித்து, உள்ளிருக்கும் கேட்டை மூடிவிடும். மூட்டிலிருந்து நீர் எடுத்துச் சோதிக்கையில் கிருமி இன்னதென்று புலப்படாமலும் செய்துவிடும். மஞ்சள், எண்ணெய், பச்சிலை எதுவும் புண்ணில் படலாகாது. மாதாவின் எண்ணெயை நெற்றியில் பூசிக்கொள்ளுங்கள். உங்கள் விசுவாசம் அதனால் ஒரு குன்றிமணியும் குறைந்துவிடாது. நாள் குறித்து அறுவை செய்துகொள்ளப் போகிறவர்கள், சர்க்கரையைக் கட்டுப்படுத்தி, சொத்தைப் பல்லையும் தோலிலுள்ள கட்டிகளையும் முன்கூட்டியே மருத்துவரிடம் காட்டிக்கொள்வது நன்று.

இரண்டாம் அருள் சின்னப்பர் என்று நாம் அழைத்து வந்த பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் 1978-இல் தம் பணியேற்புத் திருப்பலியில் உலகிற்குக் கூறிய சொல்லும் 'அஞ்சாதீர்கள்' என்பதே. அவரே 1981 மே மாதம் சுடப்பட்டு, சிகிச்சை பெற்றுத் திரும்பிய சில நாட்களில் காய்ச்சல் கண்டபோது, மீண்டும் ரோமையின் ஜெமெல்லி மருத்துவமனைக்குச் சென்று படுத்தார். வைரஸ் தொற்று என்று கண்டு சிகிச்சை அளித்தனர். 1994 ஏப்ரலில் வழுக்கி விழுந்து தொடையெலும்பு முறிந்து செயற்கை மூட்டுப் பொருத்தியபோதும், ஏறக்குறைய நான்கு வாரம் அங்கேயே தங்கினார். அஞ்சாமை என்பது நோயை மறைப்பதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் தாய் இரண்டாம் முறை அறுவை அறைக்குள் செல்ல நேர்ந்தது. புண்ணைக் கழுவி, பல வாரங்கள் மருந்து கொடுத்தார்கள். மூட்டு தப்பியது. இப்போது கைத்தடியுடன் பூசைக்கு வருகிறார். மூன்றாம் பெஞ்சில் ஓரமாக அமர்கிறார்.

பிள்ளைகளே, இரவு ஷிப்ட் முடிந்து வந்ததும், "எப்படி இருக்கிறது அம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உறங்கப் போகாதீர்கள். "நன்றாயிருக்கிறேன்" என்றுதான் தாய் சொல்வாள். கையைக் கழுவி வந்து அருகில் அமர்ந்து, கட்டு உலர்ந்திருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். தாய்மாரே, மகனின் ஒருநாள் கூலியைக் காப்பதாக எண்ணி அவன் பல மாதக் கூலியை இழக்கச் செய்துவிடாதீர்கள்.

நானும் ஒன்று கற்றுக்கொண்டேன். 'அஞ்சாதீர்கள்' என்று இன்றும் சொல்கிறேன். ஆனால் அதற்குமுன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எதற்கு அஞ்சுகிறீர்கள், சொல்லுங்கள் அம்மா" என்று கேட்கிறேன்.