தட்டிப் பார்த்தால் தெரியும்!

கடமலைக்குண்டில் தேங்காய் வாங்குபவர்கள் அதை விரலால் தட்டுவார்கள். காதோரம் வைத்து ஆட்டுவார்கள். உடைக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று சத்தமே சொல்லிவிடும். கடலுக்கடியில் கிடக்கும் கப்பலில் எண்ணெய் மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பதற்கும் கிட்டத்தட்ட இதே வழிதான்!

மலைக்கு அந்தப் பக்கம், கொச்சிக்கு அப்பால், 2025 மே 25 அன்று எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. அதில் இருந்த 24 பேரும் உயிர் தப்பினார்கள். ஆனால் 84.44 டன் டீசலும் 367.1 டன் ஃபர்னஸ் ஆயிலும் கப்பலோடு போயின. கப்பலைச் சுற்றி 20 கடல் மைலுக்கு மீன்பிடிக்கவும் தடை வந்தது.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது புரியும். மேலே சொன்னது ஓப்பனிங் ஸ்டாக். கசிந்தது போக உள்ளே எவ்வளவு? ஏட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. குடோனுக்குள் போய் எண்ணித்தான் ஆகவேண்டும்.

எப்படி எண்ணுவது? காதுக்குக் கேட்காத ஒலியை டேங்கின் இரும்புத் தகடு வழியாக அனுப்புகிறார்கள். எண்ணெய் லேசானது, தண்ணீருக்கு மேலே நிற்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒலியில் கொஞ்சம் எதிரொலித்துத் திரும்பும். திரும்ப எடுத்த நேரத்தை வைத்து எண்ணெயின் அளவைக் கணிக்கலாம். துரு தின்றது போக தகடு எவ்வளவு கனம் இருக்கிறது என்பதையும் ஒலியே சொல்லும். ஒட்டியிருக்கும் சிப்பியையும் துருவையும் முதலில் சுரண்ட வேண்டும். சந்தேகம் இருந்தால் சின்னத் துளை போட்டு மாதிரி எடுக்க வேண்டும்.

"கசியும்போது பார்த்துக்கொள்ளலாமே?" என்று சிலர் கேட்கலாம். 1953-ல் கலிபோர்னியா அருகே மூழ்கிய ஜேக்கப் லக்கன்பாக் கப்பலில் அப்படித்தான் ஆனது. பல ஆண்டுகள் எண்ணெய் படிந்து கடற்பறவைகள் செத்தன. காரணம் இந்தக் கப்பல்தான் என்று தெரிந்தது 2002-ல்! பிறகு மூன்றரை லட்சம் லிட்டருக்கு மேல் எண்ணெயை எடுத்தார்கள். அதே கடலில் 1941-ல் மூழ்கிய மாண்டிபெல்லோவை 2011-ல் கருவிகளை இறக்கிச் சோதித்தார்கள். பயப்படும் அளவுக்கு எண்ணெய் இல்லை. வீண் செலவு மிச்சம்!

ஆக, இருந்தாலும் லாபம், இல்லாவிட்டாலும் லாபம். எண்ணெயோடு நம் கடலில் மூழ்கும் ஒவ்வொரு கப்பலையும் குறிப்பிட்ட இடைவெளியில் இப்படிச் சோதிக்க வேண்டும். செலவு கப்பல் உரிமையாளரின் காப்பீட்டில் இருந்து வரட்டும்; முடிவு மீனவர்களுக்குத் தெரியட்டும்.

ஒரு தேங்காயையே தட்டிப் பார்த்து வாங்குகிறோம். கடலை மட்டும் நம்பிக்கையில் விடலாமா?