ட்ரெக்கிங் போற கேங்கா நீங்க? பையில எதைக் குறைக்கணும், எதைக் குறைக்கவே கூடாது?

வெள்ளிக்கிழமை ராத்திரி கிளாம்பாக்கத்துல பஸ் ஏறி, சனிக்கிழமை காலையில மலையடிவாரத்துல இறங்குற கூட்டம் இப்போ அதிகம். 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் திறக்கப்பட்டன. ஆன்லைனில் புக் செய்தால், உள்ளூர் வழிகாட்டியோடு முறைப்படி காட்டுக்குள் போகலாம். அனுமதி ஈஸி ஆகிடுச்சு. ஆனா, முதுகுல என்ன ஏத்திட்டுப் போறோம்?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத்தீயில் சிக்கிய ட்ரெக்கிங் குழுவினரில் 23 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கான விதிகள் இறுகின. 2025-ல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை, தீ அபாயத்தால் பாதைகள் மூடப்பட்டதும் அந்தக் கவனத்தின் தொடர்ச்சியே.

மெதுவா நடக்கிறவர்தான் டைம் கீப்பர்

ஒருநாள் மலையேற்றத்துக்குப் பையின் எடை உடல் எடையில் 10 சதவிகிதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 60 கிலோ உள்ளவருக்கு 6 கிலோ. இதில் 3 லிட்டர் தண்ணீரே 3 கிலோ! மிச்சம் 3 கிலோவுக்குள்தான் மற்ற எல்லாமே.

குழுவாகப் போகும்போது ஒருத்தர் பை கனத்தால், அது அவர் பிரச்னை மட்டும் இல்லை. அவர் வேகம்தான் மொத்தக் குழுவின் வேகம். இருட்டுறதுக்குள்ள இறங்கணும்னா, அவர் பை லேசா இருக்கணும். முடியாதபோது அந்தப் பை கடைசியில் வழிகாட்டியின் தோளுக்குப் போகும். வழி காட்ட வந்தவரைச் சுமை தூக்க வைப்பது நியாயமா மக்களே?

பொதுவா, தனியா?

எதைப் பகிரலாம் என்பதற்கு ஒரே கேள்வி போதும்: 'கூட்டத்தைவிட்டுப் பிரிஞ்சு ஒரு மணி நேரம் தனியா நின்னா, இது வேணுமா?'

வேணும்னா, அது ஆளுக்கு ஒண்ணு. தண்ணீர், டார்ச், மழைக்கோட்டு, விசில், வழக்கமான மாத்திரை, ஒரு ஓ.ஆர்.எஸ் பாக்கெட். (1 லிட்டர் தண்ணீருக்கான பாக்கெட் சுமார் 21 கிராம்தான்.)

வேண்டாம்னா, அது பொது. முதலுதவிப் பெட்டி, சன்ஸ்கிரீன், அட்டைக்கான உப்பு, பவர்பேங்க். 20,000 எம்.ஏ.ஹெச் பவர்பேங்க் ஏறக்குறைய 400 கிராம். ஆறு பேரும் எடுத்தால் 2.4 கிலோ. முன்னால் போகிறவரிடம் ஒன்று, கடைசியில் வருகிறவரிடம் ஒன்று இருந்தால் 800 கிராமில் முடிந்தது.

ஜீன்ஸுக்கு நோ

ஜீன்ஸ் கனம், நனைந்தால் டபுள் கனம், சீக்கிரம் காயவும் காயாது. மெல்லிய பாலியஸ்டர் பேன்ட் லேசானது, சட்டெனக் காயும். ஆனால் தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். அதனால் அதைப் போட்டுக்கிட்டு கேம்ப் ஃபயர் பக்கம் நெருங்காதீங்க. காட்டுக்குள் தீப்பெட்டி, லைட்டர் வேண்டவே வேண்டாம்.

டர்க்கி டவலுக்குப் பதில் நம்ம ஈரிழைத் துண்டு. வியர்வை துடைக்கலாம், தலையில் கட்டலாம், அடிபட்டால் கட்டுப் போடலாம். பிரியாணி பார்சலுக்குப் பதில் கடலை மிட்டாய், பொரிவிளங்கா உருண்டை, பேரீச்சை. எடை குறைவு, எனர்ஜி அதிகம். வீட்டிலேயே டப்பாவில் மாற்றிக்கொண்டால், காட்டில் கவர் பறக்காது. மானும் யானையும் பிளாஸ்டிக்கைத் தின்னாது.

லேசா போறேன்னு சொல்லி தண்ணீரையும் டார்ச்சையும் மட்டும் விட்டுட்டுப் போகாதீங்க. ரீல்ஸுக்கான மூணாவது டிரெஸ், ட்ரைபாட், ப்ளூடூத் ஸ்பீக்கர்... வெட்ட வேண்டியது இவற்றைத்தான். ஸ்பீக்கர் சத்தத்தில் விலங்கின் நடமாட்டம் வழிகாட்டிக்குக் கேட்காமல் போகலாம்.

கிளம்புறதுக்கு முந்தின நாள் பையோட எடை மெஷின்ல ஏறி நில்லுங்க. பையை இறக்கிட்டு மறுபடி நில்லுங்க. வித்தியாசத்தை வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. யார் பை அதிகமா கனக்குதுன்னு அங்கேயே தெரிஞ்சிடும். பஸ் ஏறுறதுக்கு முன்னாடியே பிரிச்சுக்கலாம்.