கீபோர்டுக்கும் மவுசு உண்டு!

"லினக்ஸா? அய்யோ, கறுப்பு ஸ்க்ரீன்ல என்னமோ டைப் பண்ணணுமே!" - புதுக்கோட்டை பக்கம் எந்த காலேஜ் லேப்ல கேட்டாலும் இந்த டயலாக் கிடைக்கும். பயமே வேணாம் பாஸ்!

2007 வாக்கில், அப்போதைய எல்காட் நிர்வாக இயக்குநர் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். முனைப்பில் சூசே லினக்ஸ் நம்ம அரசு ஆபீஸ்களுக்குள்ள வந்தது. அதுக்குள்ள 'யாஸ்ட்'னு ஒரு டூல். யூஸரைச் சேர்க்க, நெட்வொர்க் செட் பண்ண, சாஃப்ட்வேர் போட - எல்லாத்துக்கும் இது ஒண்ணே போதும். இதுக்கு ரெண்டு முகம். ஐகான்களை மவுஸால க்ளிக் பண்ற கிராஃபிக்ஸ் முகம் ஒண்ணு. அதே மெனு, அதே பட்டன்களை வெறும் எழுத்தாலயும் கோடாலயும் காட்டுற டெக்ஸ்ட் முகம் இன்னொண்ணு. டேப் கீயால நகரலாம். எஃப்10 அடிச்சா ஓகே, எஃப்9 அடிச்சா கேன்சல். அவ்ளோதான்!

இது எதுக்கு? பெரும்பாலான சர்வர்களுக்கு மானிட்டரே கிடையாது. எங்கேயோ இருக்கிற மெஷினை எஸ்.எஸ்.ஹெச். வழியாத்தான் தொடணும். கிராஃபிக்ஸ்னா படம் படமா நெட்ல ஓடி வரணும். டெக்ஸ்ட்னா வெறும் எழுத்துதான். பொன்னமராவதி பக்கம் சிக்னல் ஒத்தைக் கோட்டுல ஊசலாடினாலும் வேலை முடிஞ்சிடும். டிஸ்ப்ளே டிரைவர் மக்கர் பண்ணி டெஸ்க்டாப் எழுந்திருக்கலைன்னாலும் இதுதான் கைகொடுக்கும்.

ஆனா, ஒரு இடத்துல டெக்ஸ்ட் தோத்துப் போகுது. நம்ம தமிழ்! லினக்ஸ் கன்சோல் அதிகபட்சம் 512 எழுத்து வடிவங்களைத்தான் தாங்கும். 'கொ'வுக்கு முன்னால கொம்பு, பின்னால கால்னு சேர்த்து எழுதுற வித்தை அதுக்குத் தெரியாது. தமிழ்ல மெனு வேணும்னா கிராஃபிக்ஸ்தான் கதி. 2011-ல் தமிழக அரசு கொடுக்க ஆரம்பிச்ச இலவச லேப்டாப்ல விண்டோஸோட வந்த 'பாஸ்' லினக்ஸ் தமிழ் காட்டினதும் அப்படித்தான். தமிழ் மீடியத்துலேர்ந்து வர்ற ஜூனியருக்கு இது சின்ன விஷயம் இல்ல.

அப்போ எதைக் கத்துக்கிறது? 2025-ல் வந்த ஓப்பன்சூசே லீப் 16-ல் யாஸ்ட்டே போயிடுச்சு. பிரௌசர்ல ஓடுற 'காக்பிட்' அந்த வேலையைப் பார்க்குது. பட்டனை மனப்பாடம் பண்ணினா டூலோட சேர்ந்து அதுவும் போயிடும். உள்ளே என்ன மாறுதுன்னு தெரிஞ்சா எந்த முகம் வந்தாலும் சமாளிக்கலாம்.

அடுத்த லேப் ஹவர்ல மவுஸால ஒரு யூஸரைச் சேருங்க. அப்புறம் 'ஈடிசி' டைரக்டரியில 'பாஸ்டபிள்யூடி' ஃபைலைத் திறந்து கடைசிப் பக்கம் பாருங்க. ஒரே ஒரு வரி கூடியிருக்கும். இவ்வளவு க்ளிக்ல முக்கியமான ஒரு வேலை அந்த ஒத்தை வரிதான்!